முதற்பொருள் இழந்த நிலம்: தோட்டப் புனைகதைத் திறனாய்வும் புக்கிட் மேரா வழக்கும்

முன்னுரை

ரப்பர்த் தோட்ட வாழ்வைப் பொருளாகக் கொண்ட மலேசியத் தமிழ்ப் புனைகதைகள் குறித்த ஆய்வுகளைத் தொகுத்து நோக்குமிடத்து, உழைப்புச் சுரண்டல், புலப்பெயர்வு, குடும்பச் சிதைவு, மொழி அடையாளம் ஆகிய நான்கு கோணங்களே அவற்றில் மேலோங்கி நிற்கக் காண்கிறோம். நிலம் பெரும்பாலும் பின்புலமாகவே இடம்பெறுகிறது. கதை நிகழும் களம் ஒரு தோட்டம் என்று ஒரு வரியில் கூறிய அளவில் அதன் பணி முடிந்துவிடுகிறது.

தொல்காப்பியர் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றார். பாடலில் உரிப்பொருளே சிறந்து நிற்கும் என்று உரையாசிரியர் கொள்வது உண்மையே. ஆயினும் அது நிற்பதற்குரிய இடத்தை முதற்பொருளே தருகிறது. சங்கப் பாடலைக் கற்பிக்கும்போது இம்முறையை வலியுறுத்தும் கல்வியுலகம், அகிலனின் 'பால்மரக்காட்டினிலே', சீ. முத்துசாமியின் 'மண்புழுக்கள்' போன்ற நாவல்களுக்கு வரும்போது அதனைக் கைவிடுவது ஏன் என்னும் வினாவே இக்கட்டுரையின் தோற்றுவாய். தோட்டத்து மண் சட்டத்தின் கண்ணில் எத்தகைய பொருளாக இருந்தது என்பதை அறியாமல், புனைகதைகள் பேசும் 'மண் இழப்பு' யாது என்பதை நாம் சரிவர உணர இயலாது என்பது நமது கருத்து. பேராக் மாநிலத்தை முன்வைத்து இதனை நிறுவ முற்படுகிறோம்.

பதிவேடு அறிந்த நிலம்

பதிவின் வழியே நில உரிமையை உறுதிசெய்யும் தோரன்ஸ் முறை, மலாய் மாநிலங்களில் முதன்முதலாகப் பேராக்கில் 1879 ஆம் ஆண்டு நில விதிகளின் வாயிலாகவே புகுந்தது. அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன்னர், 1877 இல், கோலகங்சாரில் ரப்பர்க் கன்றுகள் நடப்பட்டிருந்தன. மரமும் பட்டாவும் ஏறத்தாழ ஒரே காலத்தில் இம்மாநிலத்தில் வேர்கொண்டன என்பது நினைவிற்கொள்ளத்தக்கது. இம்முறையின்படி பதிவேட்டில் பெயர் உள்ளவரே உரிமையாளர். பதிவேட்டில் இல்லாத உறவு, எத்துணை நீண்ட காலத்ததாயினும், நிலவுரிமை ஆகாது. 1966 இல் நடைமுறைக்கு வந்த 1965 ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டமும் இவ்வடிப்படையிலேயே அமைந்தது. அது நிலத்தை வேளாண்மை, கட்டடம், தொழில் என மூவகைப் பயன்பாடுகளாகப் பகுத்தது. வகை மாற்றத்திற்கு ஒப்புதல் அளிக்கும் அதிகாரம் மாநில அரசைச் சார்ந்தது.

இப்பதிவேட்டில் பால்வெட்டுத் தொழிலாளிக்கு இடமில்லை. அவர் குடியிருந்த லயம் வேலையோடு ஒட்டி வந்தது. வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. மூன்று தலைமுறை உழைத்த குடும்பமும் அந்நிலத்தில் வேலைக்காரராக மட்டுமே சட்டத்திற்குத் தெரிந்தது. 1950 களில் ஐரோப்பிய உரிமையாளர்கள் தோட்டங்களை விற்கத் தொடங்கியதும், வாங்கியோர் அவற்றைத் துண்டாடி விற்றதும் இந்நிலையை அம்பலப்படுத்தின. 1951 முதல் 1960 வரை நிகழ்ந்த துண்டாடலைப் பற்றி உங்கு அசீஸ் நிகழ்த்திய ஆய்வு 1962 இல் வெளிவந்தது. அதற்கு முன்னரே, சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த வீ. தி. சம்பந்தன் முன்னின்று 1960 இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார். தொழிலாளரின் சிறு சேமிப்பைத் திரட்டித் தோட்டங்களை வாங்கிய அம்முயற்சியைப் பொருளாதார நடவடிக்கையாக மட்டும் காண்பது போதாது. வெட்டுக்கத்தி பிடித்தவர்கள் கூட்டாகவேனும் நிலப்பதிவேட்டினுள் நுழைந்த நிகழ்வு அது.

பின்னர்த் தேசிய நிலச் சட்டத்தில் 214அ பிரிவு சேர்க்கப்பட்டது. நாற்பது ஹெக்டருக்குக் குறையாத தோட்ட நிலத்தைப் பலருக்குப் பிரித்து மாற்றித்தருவதற்குத் தோட்ட நில வாரியத்தின் ஒப்புதல் வேண்டும் என்பது அதன் சாரம். நிலம் யாருக்கு, எவ்வாறு கைமாறுகிறது என்பதே இப்பிரிவின் கவலை. அங்கே வாழ்வோருக்கு நிலத்தின்மேல் ஏதேனும் உரிமை உண்டா என்ற வினாவை அது எழுப்பவில்லை.

இப்பின்னணியில் புனைகதை மாந்தர் 'எங்கள் தோட்டம்' என்று கூறுவதைக் கருதுக. திறனாய்வாளர் பலர் அதனைக் கடந்தகால ஏக்கம் எனப் பெயரிட்டு அமைதி அடைகின்றனர். நமது நோக்கில் அது ஓர் உரிமைக் கோரிக்கை. காடழித்து, நிரை பிடித்து, பிள்ளைகளைப் புதைத்த மண்ணோடு தமக்குள்ள உறவைக் குறிக்கச் சட்டத்தில் சொல் இல்லாததால் அவர்கள் 'எங்கள்' என்னும் சொல்லைப் பயன்படுத்துகின்றனர். அதனை ஏக்கம் என்று வகைப்படுத்தும் திறனாய்வு, பதிவேட்டின் தீர்ப்பைத் தன்னையறியாமல் ஏற்றுக்கொண்டுவிடுகிறது.

மண் எங்கே உள்ளது?

உரிமை ஒருபுறம் இருக்க, மண் என்னும் பொருளைச் சட்டம் எவ்வாறு கண்டது? தொடக்ககால ரப்பர்த் தோட்டங்களில் புல் பூண்டின்றித் தரையைத் துப்புரவாகச் செதுக்கி வைப்பதே நல்ல நிருவாகம் எனக் கருதப்பட்டது. சரிவுகளில் மேல்மண் மழையில் கரைந்து ஆறுகளில் படிந்தது. கிந்தா பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்களும் வண்டலைச் சேர்த்தன. மூடுபயிர் வளர்க்கும் வழக்கம் பிற்பாடே பரவியது. 1960 ஆம் ஆண்டின் நிலப் பாதுகாப்புச் சட்டம் மலைநிலத்தையும் மண்ணரிப்பையும் கவனத்திற்கொண்டது. ஆயினும் எது மலைநிலம் என அறிவிக்கும் அதிகாரம் மாநிலத்திடமே விடப்பட்டது. கூட்டரசு அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணையில் நிலம் மாநிலப் பட்டியலைச் சார்ந்தது. சுற்றுச்சூழல் என்னும் தனித்தலைப்பே அங்கில்லை. 1974 ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டமோ கூட்டரசுச் சட்டம். ஆகவே நிலத்தை ஆள்வது ஒரு கை, அது மாசுறாமல் காப்பது மற்றொரு கை என்றாயிற்று.

1987 ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையிலும் இவ்விடைவெளி புலனாகிறது. 500 ஹெக்டருக்குக் குறையாத தோட்டத்தில் பயிர்வகை மாறினால் மதிப்பீடு தேவை. 50 ஹெக்டருக்குக் குறையாத வீடமைப்புக்கும் தேவை. அவ்வெல்லைக்குச் சற்றே குறைந்த துண்டுகளாக ஒரு தோட்டம் மாறினால் மண்ணைப் பற்றிய வினா எழாமலே போகக்கூடும். 2015 இல் புதிய ஆணை அதனிடத்தைப் பெற்றபோதும், அளவெல்லையைக் கொண்டு வினாவைத் தொடங்கும் முறை நீங்கிவிடவில்லை.

புக்கிட் மேரா: ஒரு தீர்ப்பின் வாசிப்பு

இவ்விடைவெளி மனித உடலைத் தொட்ட இடம் ஈப்போவை அடுத்த புக்கிட் மேரா. ஈயம் கழுவிய பின் எஞ்சும் 'அமாங்' என்னும் மணலில் மோனசைட் உண்டு. அதிலிருந்து அருமண் தனிமங்களைப் பிரித்தெடுக்க, ஜப்பானின் மிட்சுபிஷி நிறுவனம் பங்குகொண்ட ஏஷியன் ரேர் எர்த் 1979 இல் நிறுவப்பட்டு 1982 இல் உற்பத்தியைத் தொடங்கியது. எஞ்சிய கழிவில் கதிரியக்கத் தோரியம் இருந்தது. அக்கழிவைப் பாப்பானில் புதைக்கும் திட்டத்தை 1984 இல் அவ்வூரார் எதிர்த்தனர். பின்னர்க் கிளேடாங் மலைப்பகுதி தெரிவுசெய்யப்பட்டது.

1985 இல் வட்டார மக்கள் எண்மர் ஈப்போ உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தனர். அவ்வாண்டு அக்டோபரில் இடைக்காலத் தடை கிடைத்தது. அணுசக்தி உரிம வாரியத்தின் உரிமத்தோடு 1987 இல் ஆலை மீண்டும் இயங்கியது. விசாரணை 1987 முதல் 1990 வரை நடந்தது. இடையே, 1987 அக்டோபரில் நிகழ்ந்த லாலாங் நடவடிக்கையில் மக்கள் தரப்பு வழக்கறிஞர் மீனாட்சி ராமனும் தடுத்துவைக்கப்பட்டார். 1992 ஜூலை 11 அன்று நீதிபதி பே ஸ்வீ சின் மக்களுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்து, பதினான்கு நாளில் ஆலையை மூட ஆணையிட்டார். 1993 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதனை மாற்றியது. மக்கள் தம் குறையை உரிம வாரியத்திடமே கொண்டுசென்றிருக்க வேண்டும் என்பது அது கூறிய காரணங்களுள் ஒன்று. ஆயினும் 1994 ஜனவரியில் நிறுவனம் தானே ஆலையை மூடுவதாக அறிவித்தது.

இரண்டு தீர்ப்புகளையும் இரண்டு பனுவல்களாக வாசித்தால் வேறுபாடு தெளிவாகிறது. 1992 ஆம் ஆண்டுத் தீர்ப்பு, இம்மண்ணில் வாழ்வோருக்கு நேர்ந்தது யாது என்று வினவியது. 1993 ஆம் ஆண்டுத் தீர்ப்பு, இதனை வினவுதற்குரிய அலுவலகம் எது என்னும் வினாவுக்கு முதன்மை தந்தது. நிபுணத்துவம் தேவைப்படும் துறையில் வாரியத்தை நம்புவது முறையே என்று வாதிடலாம். அவ்வாதத்தில் வலிமையும் உண்டு. எனினும், எந்த உரிமம் ஆலையை மீண்டும் இயக்கியதோ அதனை வழங்கிய வாரியத்திடமே மக்களைத் திருப்பி அனுப்புவது எவ்வகையில் நியாயத்தின் முழுமையாகும்? தோரியம் தன் அளவில் பாதியாகக் குறைய ஏறத்தாழ 1,400 கோடி ஆண்டுகள் வேண்டும். அத்தகைய 'பொழுதை' உரிமக் காலத்தைக் கொண்டு அளக்க இயலாது. ஆலை மூடிய பின்னரும் பல ஆண்டுகள் நீடித்த துப்புரவுப் பணி இதற்குச் சான்று.

திணை பகிரப்படும் பொருள்

புக்கிட் மேரா மக்களுள் பெரும்பான்மையினர் சீனர். அதனாலேயே அவ்வழக்கு 'பிறர் கதை' எனத் தமிழ் ஆய்வின் எல்லைக்கு வெளியே நிறுத்தப்பட்டது போலும். நிலம் அவ்வாறு பிரிவதில்லை. கிந்தாவின் ஈயக்குட்டைகளும் ரப்பர் நிரைகளும் ஒரே மழையைப் பெற்றன. ஜப்பானியர் காலத்தில் எதிர்ப்புப் போராளிகளுக்கு மருத்துவம் செய்த சிபில் கார்த்திகேசு இயங்கியதும் இதே பாப்பானில்தான். தோட்டம் விட்டு ஈப்போவின் புந்தோங் போன்ற பகுதிகளுக்குக் குடிபெயர்ந்த தமிழரும் இதே பள்ளத்தாக்கின் காற்றையும் நீரையுமே நுகர்ந்தனர். குறிஞ்சியும் முல்லையும் இனத்தின் பெயர்கள் அல்ல, நிலத்தின் பெயர்கள் என்று கற்பிக்கும் நமக்கு இது புதிய செய்தியன்று.

இலக்கியத் திறனாய்வு சட்ட விளக்கம் ஆகிவிடலாகாது என்னும் மறுப்பு எழலாம். அது ஏற்கத்தக்கதே. நாம் வேண்டுவது சட்டப் பாடமன்று. பனுவலில் ஏற்கெனவே உள்ளதைக் காணும் பார்வை. மழை பெய்தால் மரம் வெட்ட இயலாது, வெட்டாத நாளுக்குக் கூலி இல்லை என்பதைத் தோட்ட மக்கள் அறிவர். விடியலில் பெரட்டுக்கு நிற்கும் ஒரு பாத்திரம் வானத்தை நோக்கினால், அது வருணனை மட்டுமன்று; காலநிலையும் கூலியும் சந்திக்கும் இடம். இலையுதிர் காலத்தில் பால் குறைவதும் அவ்வாறே.

முடிவுரை

தோட்டப் புனைகதையைக் கற்பிக்கும் ஆசிரியர் மூன்று வினாக்களை மாணவர்முன் வைக்கலாம் எனப் பரிந்துரைக்கிறோம். இந்நிலம் யாருடைய பெயரில் உள்ளது? இம்மண்ணுக்கும் நீருக்கும் கதையின் இறுதியில் என்ன நேர்ந்திருக்கிறது? இங்கே வாழ்ந்தோர் தம் குறையை எவரிடம் சென்று கூற இயலும்? இவ்வினாக்கள் பழங்கதையோடு முடிவன அல்ல. ஹுலு பேராக்கின் கெனெரிங்கில் அயனிக் களிமண்ணிலிருந்து அருமண் எடுக்கும் முன்னோடித் திட்டம் 2022 இல் தொடங்கியது. அதன் முறை வேறு, இடம் வேறு. புக்கிட் மேராவோடு அதனை ஒன்றாக்குதல் பிழை. ஆனால் மண்ணைப் பற்றிய முடிவை எடுப்பவர் யார், விளைவோடு வாழ்பவர் யார் என்னும் வினா இரண்டுக்கும் பொது. அவ்வினாவைக் கேட்கப் பழகிய மாணவர் நாவலையும் தீர்ப்பையும் ஒருசேர வாசிக்கும் திறம் பெறுவர். அத்திறத்தை வளர்க்கும் பொறுப்பு தமிழ்த்துறைகளுக்கும் உரியதே.