யாழ்ப்பாணக் கோட்டையும் புனருத்தாரணமும்

பழைய கோட்டையொன்றைச் செப்பனிடப் புகுவோர் முதற்கண் விடைகாண வேண்டிய வினா, எந்தக் காலத்துக் கோட்டையை மீட்பது என்பதாகும். கல்லும் சுண்ணச்சாந்தும் அதன் பின்னரே வருவன. யாழ்ப்பாணக் கோட்டையின் புனருத்தாரணத்தை மதிப்பிடுவார்க்கும் இவ்வினாவே உரைகல்லாக அமையும்.

1619 இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர் இங்கு நாற்கோண வடிவிற் கோட்டை அமைத்தனர். அதனை 1658 இல் வென்ற ஒல்லாந்தர், பின்னர் ஐங்கோண வடிவினதாகக் கட்டி, மூலைதோறும் கொத்தளம் நிறுவினர். 1706 இல் சிலுவை வடிவத் தேவாலயமொன்று உள்ளே எழுந்தது. புற அரண்கள் நிறைவெய்தியது 1792 இல் ஆகும். மூன்றே ஆண்டுகளில், 1795 இல், ஆங்கிலேயர் அதனைப் போரின்றியே பெற்றனர். முற்றுகையைத் தாங்கவென எழுப்பப்பட்ட அவ்வரண்கள் பெரும் முற்றுகையைக் கண்டது 1990 இலேயே என்பது வரலாற்றின் விந்தையாகும். அப்போர்க் காலத்தில் அலங்கங்கள் சிதைந்தன, தேவாலயம் அழிந்தது, முட்புதரும் பற்றையும் மண்டின.

2009 இல் போர் முடிவுற்ற பின்னர், தொல்பொருட்டிணைக்களம் நெதர்லாந்து அரசின் உதவியுடன் புனருத்தாரணப் பணியை மேற்கொண்டது. முருகைக்கற்களைக் கொண்டு அலங்கங்கள் மீள எழுப்பப்பட்டன. தேவாலயமோ இடிபாடாகவே விடப்பட்டது. இதனால் வாயிலைக் கடந்து உட்புகுவோர் செப்பமான மதிலையும் சிதைந்த கற்குவியலையும் ஒருங்கே காண நேர்ந்தது. இதனை அரைகுறைப் பணியெனக் குறைகூறுவாரும் உளர்.

அக்குறை பொருந்துமா? பழங்கட்டடத்தைப் புதுப்பித்தல் அதனை அழித்தலேயாம் என்பது 1849 இல் இரஸ்கின் முன்வைத்த கொள்கை. ஒரு காலத்தும் இருந்திராத முழுமையையும் புதுப்பிப்போர் அதற்கு அளிக்கலாம் என்பது பிரான்சியக் கட்டடக் கலைஞர் வியோலே-லெ-டுக்கின் கொள்கை. முன்னதை முற்றாகக் கைக்கொண்டால் அலங்கங்கள் அகழியிற் சரிந்திருக்கும். பின்னதைக் கைக்கொண்டால், 1706 ஆம் ஆண்டுத் தேவாலயமெனப் பெயரிட்ட புதுக்கட்டடமொன்று எழுந்து, நிகழ்ந்த அழிவையே மறைத்திருக்கும். ஊகம் தொடங்குமிடத்திற் புனருத்தாரணம் நின்றுவிட வேண்டும் என 1964 ஆம் ஆண்டு வெனிஸ் சாசனம் வகுத்த நெறி இவ்விரண்டிற்கும் நடுவணது. அந்நெறி நின்று நோக்கின், சரியும் மதிலைத் தாங்கியதும் அழிந்த ஆலயத்தை அவ்வாறே விடுத்ததும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல. முன்னது காவல், பின்னது சான்று.

எனினும் அச்சாசனம் வேறொன்றையும் வேண்டுகின்றது. புதிதாகச் சேர்த்த பகுதி பழையதினின்றும் பிரித்தறியத்தக்கதாதல் வேண்டும். முருகைக்கல் வெயிலிலும் மழையிலும் விரைவிற் கருமையுறும். ஒரு தலைமுறை கழியுமுன் ஒல்லாந்தர் அடுக்கிய கல் எது, நம் காலத்தார் அடுக்கிய கல் எது என அறிய இயலாது போகும். ஆதலின் மீளக் கட்டிய எல்லையைச் சுவரிலேயே குறித்தல் இன்றியமையாதது. எழுத்திற் பதிந்த ஆவணம் அலுவலகத்தில் இருத்தல் மட்டும் போதாது. மாணவன் சுவரைக் கண்டே உண்மையை உணர்தல் வேண்டும்.

அந்நியர் அரணை நாம் ஏன் பேண வேண்டும் என வினவுவார்க்கும் கோட்டையே விடை பகர்கின்றது. சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டுப் பொறித்த தூணொன்று அங்கிருந்தே கிடைத்தது. உள்ளே நிகழ்ந்த அகழாய்வுகள், ஐரோப்பியர் வருகைக்கு முற்பட்ட வணிகத்தைக் காட்டும் சீன மட்பாண்டச் சிதைவுகளை வெளிப்படுத்தின. ஆகவே அது ஒல்லாந்தர் கோட்டை மட்டுமன்று. அவர்க்கு முந்திய துறையும் ஊரும் அதன் அடியிலே புதைந்துள்ளன. அலங்கத்தை மட்டும் அழகுறக் காட்டி அடிநிலத்தை விளக்காது விடின், மீட்கப்பட்டது ஆண்டோரின் வரலாறே. ஆளப்பட்டோரின் வரலாறு மண்ணுள்ளேயே கிடக்கும். இப்பணியின் உண்மையான குறை தேவாலயம் எழாமையன்று, இவ்விளக்கம் போதாமையே எனத் துணியலாம்.