ஹென்றிக்குக் கிடைத்த வீடு

ஊருக்குப் புதியவனாக வரும் ஒருவன் வீடு பெறும் கதையையே உயிராகக் கொண்டது, 1973இல் வெளிவந்த ஜெயகாந்தனின் ‘ஒரு மனிதன் ஒரு வீடு ஒரு உலகம்’ என்னும் நாவல். அதன் அழகுகளைப் பற்றி விமர்சகர்கள் நிறையவே சொல்லிவிட்டார்கள். நாம் அதனைக் கிரானில் வைத்துப் படிக்க விரும்புகிறோம். மட்டக்களப்பு நகருக்கு வடக்கே, திருகோணமலைக்குச் செல்லும் பெருவீதியில் உள்ள ஊர் கிரான். மாரி வெள்ளம் பெருகினால், கிரான் பாலத்துக்கு அப்பாலுள்ள கிராமத்து மக்கள் தோணிக்கும் உழவு இயந்திரத்துக்கும் காத்து நிற்பார்கள். அந்த ஊரில் மூட்டையோடு வந்து இறங்கும் ஒருவன், “எனக்கு இங்கே இருக்க ஓர் இடம் வேண்டும்” என்று கேட்டால் என்ன நடக்கும்? இந்தக் கேள்வியோடு நாவலைத் திறந்தால், முன்னர் நம் கண்ணிற் படாத சில விஷயங்கள் தென்படுகின்றன.

கதை யாவரும் அறிந்ததே. பர்மா யுத்தகாலத்து அகதிகளிடையே அநாதையாகக் கிடைத்த குழந்தை ஹென்றி. அவனை எடுத்து வளர்த்த சபாபதிப் பிள்ளை இறந்தபின், அவருடைய சொந்த ஊராகிய கிருஷ்ணராஜபுரத்துக்கு அவன் வருகிறான். சாதி தெரியாது, மதம் தெரியாது, ஊர் வழக்கமும் தெரியாது. பிள்ளையின் தம்பி துரைக்கண்ணு லாரி ஓட்டுபவர், முரடர். பூட்டிக் கிடக்கும் அண்ணன் வீட்டைக் கோயில் போல மதிப்பவர். பஞ்சாயத்துக் கூடுகிறது. சண்டையை எதிர்பார்த்து நாமும் அங்கே உட்காருகிறோம். சண்டை வரவில்லை! துரைக்கண்ணு எல்லாவற்றையும் கொடுக்க முன்வருகிறார். ஹென்றியோ நிலம் புலம் ஒன்றும் வேண்டாம், அந்த வீடு மட்டும் போதும் என்கிறான்.

மனித குலத்தின் மீது இத்துணை நம்பிக்கை வைத்த பக்கங்கள் தமிழில் மிகச் சிலவே. அதை நாம் மறுக்கவில்லை. ஆயினும், ஊர்ப் பெரியவர்களின் அதிகாரம் அந்தப் பஞ்சாயத்தில் எங்கே போய் ஒளிந்துகொண்டது என்று கேட்காமலிருக்க முடியவில்லை. ஹென்றிக்கு ஒரு தந்தையின் பெயர் இருந்தது. அந்தப் பெயர் ஊரில் மதிப்புள்ள ஒரு நிலவுடைமைக் குடும்பத்தின் பெயர். அந்தப் பெயர் இல்லாமல் அதே வெள்ளை உள்ளத்தோடு அவன் வந்திருந்தால், மணியக்காரர் அவனுக்குத் திண்ணையிலேனும் இடம் கொடுத்திருப்பாரா என்பதை நாவலாசிரியர் சோதித்துப் பார்க்கவில்லை.

மட்டக்களப்பில் வீடு என்பது பெண்ணின் சொத்து. பெற்றோர் மகளுக்கு வீட்டைச் சீதனமாகக் கொடுத்துவிட்டு, அடுத்த மகளுக்கு அடுத்த வளவிலே கட்டுவர். ஆண்மகன் மணம் முடித்து மனைவி வீட்டுக்குப் போகிறான். ஒரு வகையில் பார்த்தால் இங்கே ஒவ்வோர் ஆணும் தன் வீட்டுக்கு வந்தேறியவனே. குடி என்னும் தாய்வழி அமைப்பும் அதனோடு பிணைந்தது. கோயில் திருவிழாவில் இந்தக் குடிக்கு இந்த உரிமை என்ற வரிசை உண்டு. வண்ணக்கர் என்ற பதவி உண்டு. குடி இல்லாதவனுக்கு அந்த வரிசையில் இடம் ஏது?

மட்டக்களப்பார் வந்தவனைப் பாயோடு ஒட்ட வைத்துவிடுவார்கள் என்று யாழ்ப்பாணத்தில் ஒரு பேச்சு உண்டு. மந்திரத்தின் மீது பழியைப் போட்டுச் சிரிப்பார்கள். எமக்கு அதில் மந்திரத்தைக் காட்டிலும் வர்க்கமே தெரிகிறது. அப்படி ஒட்ட வைக்கப்பட்டவர்கள் யார்? உத்தியோகத்தில் வந்த ஆசிரியர்கள், எழுதுவினைஞர்கள், கையில் முதல் வைத்திருந்த வியாபாரிகள். அவர்களுக்குப் பெண்ணும் வீடும் வயலும் சேர்ந்தே கிடைத்தன. கூலிக்கு வந்தவனுக்குப் பாயே கிடைக்கவில்லை, ஒட்டுவது எங்ஙனம்? போடியாரின் வயலோரத்தில் காவலுக்குப் போட்ட வாடிதான் அவனுக்கு வீடு. போடியார் முகம் சுளித்தால் அந்த வாடியும் இல்லை.

1958இலும் 1977இலும் நடந்த இனக் கலவரங்களின்பின் தோட்டங்களை விட்டு ஓடிவந்த மலையகக் குடும்பங்கள் வன்னியிலும் கிழக்கிலும் குடியேறின. லயத்து அறை தோட்டத்து வேலையோடு கட்டப்பட்டது; வேலை போனால் அறையும் போகும் என்பதை அவர்கள் தலைமுறை தலைமுறையாக அறிந்தவர்கள். தம் காலடியில் தமக்கென்று ஒரு துண்டு நிலம் வேண்டும் என்ற வேட்கை அவர்களுக்கு எத்துணை இருந்திருக்கும்! ஆனால் 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியிருந்தது. அந்த வடு சட்டத்தில் முற்றாக நீங்க 2003 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவர்களைக் குடியமர்த்த உழைத்த காந்தீயம் இயக்கத்தின் மருத்துவர் இராஜசுந்தரம் 1983 ஜூலையில் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டார். வந்தவனுக்கு இடம் தேடிக் கொடுப்பதுகூட இந்நாட்டில் இலேசான காரியமன்று.

சிற்றூரின் அதிகாரம் துப்பாக்கியோடு வருவதில்லை. அது ஒரு கையொப்பமாக வருகிறது. விதானை முறை 1963இல் ஒழிந்து கிராம சேவகர் வந்தார். கையொப்பத்தின் வலிமை ஒழியவில்லை. வதிவிடத்தை உறுதிப்படுத்தும் கடிதம் இல்லையேல் வாக்காளர் இடாப்பிற் பெயர் ஏறாது. இடாப்பிற் பெயர் இல்லாதவனுக்கு அக்கடிதம் எளிதிற் கிடைப்பதில்லை. காணி உறுதியோ அனுமதிப்பத்திரமோ இல்லாதவன், 1978இன் சூறாவளி போன்ற பேரிடர் ஒன்றில் கூரையை இழந்தால், அவன் இழந்தது வீடுதான் என்று நிரூபிப்பதே பெரும்பாடு. யாருடைய பெயரைச் சொல்லிக்கொண்டு அவன் கந்தோர் வாசலில் நிற்பது? கடைசியில் ஊரின் பெரிய மனிதர் ஒருவரிடமே போய் நிற்கிறான். அவருக்கு ஓர் ஆள் கிடைத்துவிடுகிறான்.

ஜெயகாந்தனின் நாவலுக்கு ஓராண்டு முன்னர், 1972இல், கே. டானியலின் ‘பஞ்சமர்’ யாழ்ப்பாணத்திலிருந்து வந்தது. நிலம் ஒருவனுடையது, அதன்மேல் நிற்கும் குடிசை இன்னொருவனுடையது என்ற நிலையில், நிமிர்ந்து பேசினால் குடியெழும்ப வேண்டிவரும் என்ற அச்சத்தோடு வாழும் மக்களின் உலகம் அது. கலைநேர்த்தியில் டானியல் பின்தங்கியவர் என்று சொல்வாருளர். இருக்கட்டும். கிரானில் வந்து இறங்கும் மூட்டைக்காரனுக்கு எந்த நாவல் வழி தெரிந்து பேசுகிறது என்றால், நாம் டானியலையே சுட்டுவோம்.

ஆனாலும் ஜெயகாந்தனை அவ்வளவு எளிதில் விட்டுவிட முடியாது. அவர் நாவலில் இன்னொரு புதியவளும் வருகிறாள். ஆடையின்றி, பெயரின்றி, எங்கிருந்து வந்தாள் என்பதும் தெரியாமல் அந்த ஊருக்குள் வரும் பித்துப் பெண். ஹென்றி அவளுக்குப் பேபி என்று பெயரிடுகிறான். ஆடையும் அன்பும் கொடுத்துத் தன் வீட்டில் இடமளிக்கிறான். எந்தத் தந்தையின் பெயரும் இல்லாமல் கிருஷ்ணராஜபுரத்துக்கு வந்தவள் அவள் ஒருத்திதான். நாவலின் முடிவில் அவள் அந்த வீட்டில் இல்லை, வந்தபடியே போய்விடுகிறாள். இதனைச் சித்தத்தின் புதிர் என்றும் தத்துவம் என்றும் விளக்கியிருக்கிறார்கள். நாம் கிரானில் இருந்துகொண்டு படிக்கும்போது, எல்லார்க்கும் கதவு திறந்த அந்த நாவலாலும் குடியமர்த்த முடியாமற்போன ஒருத்தியாகவே அவள் எம் கண்முன் நிற்கிறாள்.