நல்பாரும் பில்லாகுடியும்: சூழல்சார் கலைப்பணியில் பெயர்களின் மொழிபெயர்ப்பு

1. முன்னுரை

நகர்ப்புறக் கலைஞர் ஊர்ப்புறத்தில் தங்கி, அவ்வூர் மக்களோடு சேர்ந்து, நீரையும் நிலத்தையும் முன்வைத்துச் செய்யும் கலைப்பணிகள் பற்றிய எழுத்து பெரும்பாலும் ஆங்கிலத்தில் அமைகிறது. அதன் வழியாகவே அப்பணிகள் பிற இந்திய மொழிகளை அடைகின்றன. இடையில் நிற்கும் ஆங்கிலம் உள்ளூர்ப் பெயர்களின் பொருளை எவ்வாறு மாற்றுகிறது என்பதை, பஸ்தர்ப் பகுதிக் கலைப்பணியின் இரு பெயர்களைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

2. களமும் மொழியும்

மும்பைக் கலைஞர் நவ்ஜோத் அல்தாஃப் 1990களின் பிற்பகுதியிலிருந்து கொண்டாகாவுக்குச் சென்று, அப்பகுதிக் கலைஞர்களான ராஜ்குமார் கொர்ராம், சாந்திபாய், கெஸ்ஸுராம் முதலியோருடன் இணைந்து பணியாற்றினார். கொண்டாகாவ் அப்போது மத்தியப் பிரதேசத்தின் பஸ்தர் மாவட்டத்தில் இருந்தது. 2000இல் சத்தீஸ்கரில் சேர்ந்தது. 2012இல் தனி மாவட்டமாயிற்று. இப்பணியைக் கிரான்ட் கெஸ்டர் தம் 2011ஆம் ஆண்டு நூலில் விரிவாக ஆராய்ந்தார். அடிகுழாய்களைச் சூழ அமைந்த 'நல்பார்', சிறுவர்க்கென அமைந்த 'பில்லாகுடி' ஆகிய இரண்டும் இப்பணியின் முதன்மைக் கூறுகள்.

பஸ்தரில் பொதுத்தொடர்பு மொழியாக வழங்கும் ஹல்பி இந்தோ-ஆரிய மொழி. அதனுடன் வழங்கும் கோண்டி திராவிட மொழி. இவ்விரு குடும்பங்களும் நெடுங்காலம் கலந்த நிலத்தில் பிறந்த பெயர்களைத் தமிழுக்குக் கொணரும்போது ஆங்கில விளக்கத்தையே மூலமாகக் கொள்வது பொருந்தாது.

3. நல்பார்

நல்பார் அமைப்புகளில் குடத்தைத் தூக்குமுன் இடையில் இறக்கிவைக்கத் திட்டுகளும் மாடங்களும் உள்ளன. சிந்தும் நீர் தேங்காமல் வடிய வழி செய்யப்பட்டுள்ளது. சுற்றுச்சுவரில் உள்ளூர்க் கலைஞர்களின் வேலைப்பாடு இடம்பெறுகிறது. குடம் எந்த உயரத்தில் இருந்தால் தலைக்கு ஏற்றுவது எளிது என்பது நாள்தோறும் நீர் சுமப்போரின் அறிவு. இவ்வமைப்பின் சூழலியல் அவ்வறிவிலிருந்தே தொடங்குகிறது.

ஆங்கிலத்தில் இது அடிகுழாயையும் அது நிறுவப்பட்ட இடத்தையும் குறிக்கும் தொடரால் விளக்கப்படுகிறது. அத்தொடரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'அடிகுழாய் அமைவிடம்' எனவரும். இது பொதுப்பணித் துறைக் கோப்புக்குரிய தொடர். இதில் கருவி உண்டு, மனிதர் இல்லை. மூலப்பெயரின் முன்னுறுப்பான 'நல்' குழாயைக் குறிப்பது. பின்னுறுப்பான 'பார்', சத்தீஸ்கரியில் குளக்கரைக்கு வழங்கும் சொல்லோடு வடிவொத்தது. மக்கள் நின்று புழங்கும் ஓரத்தைச் சுட்டும் இத்தகைய ஆக்கம் தமிழிலும் உண்டு. கிணற்றடி, ஆலமரத்தடி என்பவற்றில் 'அடி' என்பது பொருளைச் சாராது, அதனருகே கூடும் வெளியைச் சுட்டுகிறது. அவ்வழியே 'குழாயடி' என்னும் சொல் இயல்பாகப் பொருந்துகிறது. அடிகுழாய் கருவி, குழாயடி இடம். இவ்வேறுபாடு மொழிபெயர்ப்பாளர் கருதத்தக்கது.

'குழாயடிச் சண்டை' என்னும் வழக்கால் இச்சொல் இழிவுக் குறிப்புப் பெற்றுவிட்டது எனத் தடை எழுப்பலாம். ஆயின் அவ்வழக்கு நீர்த்தட்டுப்பாட்டில் பெண்கள் காத்துநின்ற நேரத்தின் பதிவும் ஆகும். அக்குறிப்பை விலக்கிய தூய சொல் அவ்வரலாற்றையும் விலக்கிவிடும்.

4. பில்லாகுடி

இரண்டாம் பெயர் தமிழர்க்கு எளிதெனத் தோன்றும். இடர்ப்பாடு அத்தோற்றத்திலேயே உள்ளது. 'பில்லா' தமிழ்ப் பிள்ளை, தெலுங்குப் பில்ல, ஒடியப் பிலா ஆகியவற்றை ஒத்தது. 'குடி'யின் மொழிமுதல் மெய் ஒலிப்புடையது. அவ்வேறுபாட்டைத் தமிழ் எழுத்துக் காட்டாது. எனவே படிப்போர் அதனைக் குலம் அல்லது குடிப்பழக்கம் என்று கொள்ள நேரும். தெலுங்கிலும் கன்னடத்திலும் இது கோயிலைக் குறிக்கும். பஸ்தரிலும் தேவ்குடி, மாதாகுடி என ஊர்த் தெய்வங்களின் இருப்பிடம் இவ்வாறே வழங்குகிறது.

இவ்வரிசையில் வைத்து நோக்கினால், தேவும் மாதாவும் நிற்கும் இடத்தில் இப்பெயர் பிள்ளையை நிறுத்துவது புலனாகும். 'குழந்தைகள் கோயில்' என்னும் பெயர்ப்பு குழந்தைகள் வழிபடும் கோயில் எனப் பொருள் தந்து இதனைச் சிதைக்கிறது. அம்மன் கோயில், ஐயனார் கோயில் என்பவற்றின் அமைப்பைப் பின்பற்றிப் 'பிள்ளைக் கோயில்' என்றால் இலக்கணம் பொருந்தும். ஆனால் பிள்ளையார் கோயிலின் நினைவு குறுக்கிடும். ஆகவே பில்லாகுடி என்றே எழுதி, முதல் ஆட்சியில் தேவ்குடியோடு ஒப்பிட்டு விளக்குதல் தகும்.

5. முடிவுரை

புழக்கத்தால் ஒத்த சொல் தமிழில் உள்ளவிடத்துப் பெயர்த்தலும், வடிவால் ஒத்த சொல் பொருளால் மயக்கம் தருமிடத்து மூலப்பெயரைக் காத்தலும் ஏற்ற நெறிகள் எனலாம். இது பெயரளவில் நிற்கும் சிக்கல் அன்று. 'அமைவிடம்' என்று எழுதியவுடன் அடுத்த தொடர் 'கலைஞர் நிறுவினார்' என்றே முடிய விழைகிறது; வந்து தங்கியவர் எழுவாயாகிறார். 'குழாயடி' என்று எழுதினால், அங்கே குடத்தோடு நிற்பவர் யார் என்னும் வினா தானே எழுகிறது. சூழல்சார் கலைப்பணியைப் பற்றிய எழுத்து அவ்வினாவை இழக்கலாகாது.