மனையகத்துள் இறைமை: தேம்பாவணியின் வளனும் பெரியபுராணத்துப் பரமதத்தனும்

முன்னுரை

இறைமகன் மெய்யான மனித உடலை ஏற்றுப் பிறந்தார் என்பது கிறித்தவ அவதாரக் கோட்பாட்டின் நடுவம். கி.பி. 451இல் கூடிய கால்செதோன் பொதுச்சங்கம் அவரை முழுமையான கடவுள் என்றும் முழுமையான மனிதர் என்றும் வரையறுத்தது. இவ்வரையறை அன்றாட வாழ்வில் என்ன பொருள் தருகிறது என்னும் வினாவிற்கு, வீரமாமுனிவர் 1726இல் நிறைவுசெய்த தேம்பாவணி இல்லறத்தின் வழியே விடை தேடுகிறது. அவ்விடையின் தனித்தன்மையும் எல்லையும், காரைக்காலை நிலைக்களனாகக் கொண்ட காரைக்காலம்மையார் புராணத்தோடு ஒப்பிடும்போது தெளிவாகும் என்பது இக்கட்டுரையின் கருத்து.

இரு கணவர்கள்

தேம்பாவணியின் காப்பியத் தலைவன் கிறித்து அல்லன். வளன் எனப்பெறும் சூசையப்பர். நற்செய்தி நூல்கள் நான்கிலும் அவர் பேசியதாக ஒரு சொல்லும் இல்லை. பேசாத அத்தச்சரை 3615 பாடல்களின் தலைவராக்கியதே ஓர் இறையியல் முடிவு எனலாம். திருமணத்திற்குப் பின் அமையும் ஐயந்தோற்று படலம், மனைவியின் கருவைக் கண்டு வளன் கலங்குவதைப் பேசுகிறது. அவதாரம் அக்குடும்பத்துள் முதலில் ஒரு கணவனின் ஐயமாகவே நுழைகிறது. பிரிய எண்ணியவன், ஐயம் நீங்கியபின் மனையிலேயே தங்குகிறான்.

சேக்கிழார் காட்டும் பரமதத்தனும் இத்தகைய வாயிலில் நிற்பவனே. பசித்துவந்த அடியவர்க்கு ஒரு மாங்கனியை ஈந்த புனிதவதியார், மறுகனியை இறையருளால் பெற்றுக் கணவனுக்குப் படைக்கிறார். உண்மையறிந்த பரமதத்தன் அஞ்சுகிறான், வணிகத்தின் பெயரால் கலமேறிப் பிரிகிறான், வேறொருத்தியை மணக்கிறான். பின்னர்ச் சுற்றத்தார் புனிதவதியாரை அழைத்துவந்தபோது, மனைவி மகளுடன் அவர் அடியில் வீழ்கிறான். மனைவியைத் தெய்வமென உணர்ந்த அளவில் அவனுக்கு இல்லறம் முடிந்துவிடுகிறது.

ஊனும் உருவும்

கணவனுக்காகத் தாங்கிய ஊனைக் கழித்துப் பேயுருவை வேண்டுகிறார் அம்மையார். தேம்பாவணியிலோ இறைமை ஊனை ஏற்கிறது. யோவான் நற்செய்தியின் தொடக்கத்தில் 'மாம்சம்' என்று பழைய விவிலிய மொழிபெயர்ப்பு ஆளும் இடத்தில், 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு 'மனிதர்' என்கிறது. பின்னது எளிமையானது. எனினும், ஊன் என்னும் சொல்லின் வலிமையை அறிந்த தமிழ்ச் சூழலில், முன்னதே கோட்பாட்டின் கூர்மையைக் காக்கிறது.

இவ்வேறுபாட்டைச் சமயங்களின் உயர்வு தாழ்வாகக் கொள்ளுதல் பொருந்தாது. ஊனைத் துறந்த பின்னரே அம்மையார் இறைவனால் 'அம்மையே' என அழைக்கப்பெறுகிறார். உடலை நீத்தவர்க்கு உறவுப்பெயர் கிட்டுகிறது. மறுபுறம், தேம்பாவணியின் இல்லறமும் முழுமையானதன்று. ஈரறம் பொருத்து படலம், அதன் பெயர் உணர்த்துமாறு, இல்லறத்தையும் துறவறத்தையும் ஒன்றிணைக்கிறது. வளனும் மரியாளும் கன்னிமை காத்தே இல்லறம் நடத்துகின்றனர். உழைப்பையும் உணவையும் குழந்தை வளர்ப்பையும் ஏற்ற காப்பியம், மணவுறவை மட்டும் ஒதுக்குகிறது. அவதாரம் அன்றாடத்தை முழுமையாகத் தழுவுகிறது என்னும் கூற்று இவ்விடத்தில் தடைப்படுகிறது.

முடிவுரை

கருக்களாச்சேரி முதலிய காரைக்கால் மீனவ ஊர்களில் இல்வாழ்வு என்பது, கடலேறும் கணவனும் கரையில் மீன் விற்கும் மனைவியும் சேர்ந்து சுமக்கும் பொறுப்பாகும். ஆனித்திங்களில் காரைக்காலில் நிகழும் மாங்கனித் திருவிழாவும் அம்மையாரின் திருமணத்திலிருந்தே தொடங்குகிறது. புராணம் கடந்துசென்ற மனையை மக்கள் மறக்கவில்லை. ஒருவரைத் தெய்வமாக்கி வணங்குவது அவரைத் துணையாக ஏற்பதிலிருந்து விலகும் வழியாகவும் அமையலாம் என்பதைப் பரமதத்தன் காட்டுகிறான். புரியாத அருளோடு ஒரே கூரையின்கீழ் வாழ்ந்து, அதற்கு உழைத்துச் சோறிடுவதே அவதாரத்திற்கு மனிதன் தரும் மறுமொழி என்பதை வளன் காட்டுகிறான். தேம்பாவணியின் கோட்பாட்டை, அதன் வருணனைகளைக் காட்டிலும், இந்தத் தங்குதலிலேயே காணவேண்டும்.