நிலம் இருந்தவருக்குப் பத்திரம், கப்பலேறியவருக்குப் பட்டியல்

வாரத்துக்கு ஒரு முன்னோர், ஆண்டு முடிவில் 52 பேர். இப்படிக் குடும்ப வரலாற்றை எழுதிப் பார்க்கும் வழக்கத்தை அமெரிக்காவின் எமி ஜான்சன் க்ரோ 2014-இல் தொடங்கிவைத்தார். கணக்குப் போட்டால்தான் அதன் கடினம் புரியும். பெற்றோர் 2, அவர்களைப் பெற்றவர்கள் 4, அடுத்த தலைமுறையில் 8, அதற்கும் மேலே 16. கூட்டினால் 30தான். 52ஐ எட்ட ஐந்தாம் தலைமுறைக்கு ஏற வேண்டும். மேலைநாடுகளில் தேவாலயத்து ஞானஸ்நானப் பதிவேடும், பெயரோடு வெளியிடப்படும் பழைய மக்கள்தொகைக் கணக்கும் கைகொடுக்கின்றன. நம் கணக்கெடுப்பில் தனிநபர் விவரம் இரகசியம். தொகை மட்டுமே வெளிவரும். வாலாஜாபாத்திலோ உத்திரமேரூரிலோ ஒரு குடும்பம் இந்த முயற்சியில் இறங்கினால், கொள்ளுப்பாட்டியின் பெயரிலேயே தடுக்கி நிற்கும்.

இத்தனைக்கும் எழுத்துக்குப் பஞ்சமில்லாத சீமை இது. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலில் முதலாம் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளைக் குடவோலைக்காக எல்லோரும் பேசுகிறார்கள். குடும்ப வரலாறு தேடுபவர் நின்று படிக்க வேண்டிய இடம் வேறு. வாரியப் பொறுப்பில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் மறுபடி வரக் கூடாது, அவருடைய உறவினரும் வரக் கூடாது என்கிறது பிந்தைய கல்வெட்டு. எந்தெந்த உறவு என்பதையும் அடுக்குகிறது: சின்னம்மா, பெரியம்மா பிள்ளைகள், அத்தை பிள்ளைகள், மாமன் பிள்ளைகள், தாய்மாமன், தகப்பனோடு பிறந்தவர், மாமனார், மைத்துனன், சகோதரியின் கணவன், மருமகன். முறைகேட்டை அடைக்க உறவுமுறை முழுவதையும் கல்லில் வெட்டிவைத்திருக்கிறார்கள். உறவு அங்கே இருக்கிறது, ஆள் இல்லை.

பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில், வீரராசேந்திரன் காலத்து நீண்ட கல்வெட்டு 15 படுக்கை கொண்ட மருத்துவமனையைப் பற்றிச் சொல்கிறது. வைத்தியர் கோதண்டராமன் அசுவத்தாமப் பட்டன் பெயரோடு நிற்கிறார். நோயாளிகளுக்கு மருந்து கொடுத்த பெண்களுக்கு ஊதியம் உண்டு, பெயர் இல்லை. 11ஆம் நூற்றாண்டில் விழுந்த இந்தக் கோடு இருபதாம் நூற்றாண்டு வரை நேராகவே வருகிறது.

நவாப் முகமது அலி வாலாஜா 1763-இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கொடுத்த செங்கல்பட்டு ஜாகீரைத் தாமஸ் பர்னார்டு 1767 முதல் 1774 வரை அளந்தார். சுமார் 2,000 ஊர்களில் வீடு எத்தனை, எந்தச் சாதிக்கு எத்தனை வீடு, நஞ்சை புஞ்சை எவ்வளவு, களத்து நெல்லில் கணக்கனுக்கும் தச்சனுக்கும் வெட்டிக்கும் எத்தனை பங்கு என்பதெல்லாம் ஏறியது. அந்தக் காலத்து ஓலைக் கணக்குகள் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. ஜப்பானின் மிசுஷிமா சுகாசா அந்தக் கணக்கை வைத்தே செங்கல்பட்டு ஊர்களை ஆராய்ந்தார். ஓர் ஊரின் உடம்பு அதில் தெரியும். உங்கள் பாட்டனின் முகத்தை அதில் தேடிப் பயனில்லை. பின்னாளில் வாலாஜாபாத் தண்டில் செத்துப்போன வெள்ளைக்காரச் சிப்பாயின் அடக்கத்தைப் பாதிரியார் ஏட்டில் எழுதினார். மதராஸ் மாகாணத்து ஏடுகளின் படி லண்டனுக்குப் போய் இன்றும் பத்திரமாக இருக்கிறது. அவனுக்குத் துணி வெளுத்தவரின் பெயர் எந்த ஏட்டிலும் ஏறவில்லை.

நம் வீடுகளில் ஆளைப் பெயர் சொல்லிக் காட்டும் முதல் காகிதம் பெரும்பாலும் கிரயப் பத்திரம்தான். பழைய பத்திரம் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். “செங்கல்பட்டு ஜில்லா” என்று ஆரம்பித்து, இன்னார் குமாரர் இன்னார், சுமார் வயது இத்தனை, ஜீவனம் விவசாயம் என்று ஓடும். ஒரே வரியில் இரண்டு தலைமுறை கிடைத்துவிடுகிறது. பாகப்பிரிவினைப் பத்திரமென்றால் அண்ணன் தம்பி எல்லோரும் வயதோடு வந்து நிற்பார்கள். நான்கெல்லை சொல்லும் பகுதியை யாரும் கவனிப்பதில்லை. கிழக்கே யார் நிலம், மேற்கே யார் கொல்லை என்று எழுதியிருக்கும். அந்த அக்கம்பக்கத்தவரில் பாதிப்பேர் பங்காளிகளாகவே இருப்பார்கள். ஆக, சொந்தப் பத்திரம் தொலைந்தவர் பக்கத்து நிலத்துப் பத்திரத்தில் தன் பாட்டனைக் கண்டுபிடிக்க முடியும். கணினியில் வில்லங்கம் போட்டால் ஒரு குறிப்பிட்ட ஆண்டுக்கு முன்னே போகாது. அதற்கு முந்தையதை மனுப் போட்டுத் தேடச் சொல்ல வேண்டும். கர்ணம், மணியம் பதவிகள் 1980-இல் ஒழிந்தன. பரம்பரை அதிகாரம் போனது நல்லது. ஊரில் யார் வீடு யாருடையது என்று தலைமுறை தலைமுறையாகத் தெரிந்திருந்த ஆளும் அதோடு போனார்.

நிலமே இல்லாதவர் என்ன செய்வது? அடுத்தவர் வயலில் நடவு நட்டவருக்கும், அய்யம்பேட்டை, முத்தியால்பேட்டைத் தறிகளில் கூலிக்கு நெய்தவருக்கும் பத்திரம் ஏது? ஊரைவிட்டுப் போனவர்களின் தடம்தான் இவர்களில் அதிகம் பதிவாகியிருக்கிறது. 1860 நவம்பர் 16 அன்று மதராஸிலிருந்து ‘ட்ரூரோ’ கப்பல் டர்பன் போய்ச் சேர்ந்தது. 1911 வரை சுமார் 1,52,000 பேர் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனார்கள். ஒவ்வொருவருக்கும் எண், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள தழும்பு என எல்லாம் எழுதப்பட்டது. மொரீஷியசில் மோக்கா மகாத்மா காந்தி நிறுவனத்தில் ஒப்பந்தக் கூலிகளின் புகைப்படமே இருக்கிறது. உள்ளூரில் தங்கிவிட்ட தம்பிக்கு ஒரு வரிகூட இல்லாத குடும்பத்தில், கப்பலேறிய அண்ணனுக்கு மச்சம் உட்படப் பதிவு இருக்கலாம். கங்காணி அழைத்து மலாயா போனவர்களுக்கு இப்படி ஆள்வாரிப் பட்டியல் கிடைப்பது அரிது. தென்னாப்பிரிக்காவிலிருந்து அந்தத் தாளோடு செங்கல்பட்டுச் சீமைக்கு ஊர் தேடி வருபவரின் கையில் இருப்பது, எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதிய ஊர்ப்பெயர். அதை உரக்கப் படித்துக் காட்டச் சொல்லி, உள்ளூர்ப் பெரியவர் ஒருவர் கேட்பதே நல்ல வழி.

பெண்களுக்கு இந்த இரண்டு கதவும் பெரும்பாலும் சாத்தியே கிடக்கின்றன. பத்திரத்தில் “இன்னார் சம்சாரம்” என்று வருவார்கள். பிறந்த வீடு அதில் இராது. கூட்டுக் குடும்பப் பூர்வீகச் சொத்தில் தமிழ்நாட்டுச் சட்டம் மகளுக்குச் சமபங்கு தந்ததே 1989-இல்தான். என்னைக் கேட்டால், பெண்வழியைத் தேட இருக்கிற நல்ல ஆவணம் மொய் நோட்டு. முதல் பக்கத்தில் மஞ்சள் தடவிப் பிள்ளையார் சுழி போட்டு, ஊர், பெயர், தொகை என்று வரிவரியாகப் போகும். மாகறலிலிருந்து இத்தனை பேர், தென்னேரியிலிருந்து ஒருவர் என்று வந்தால், அந்த ஊரில் எந்தக் காலத்திலோ இந்த வீட்டுப் பெண் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள், அல்லது அங்கிருந்து ஒருத்தி வந்திருக்கிறாள். ஒரே வீட்டின் மூன்று கல்யாண நோட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், எந்த ஊர் உறவு எப்போது விட்டுப்போனது என்பதும் தெரிந்துவிடும். குலதெய்வக் கோயிலின் தலைக்கட்டு வரி நோட்டு பங்காளிகளைத் தரும். மொய் நோட்டு சம்பந்திகளைத் தரும். இரண்டையும் சேர்த்துப் படிக்கிற ஆய்வு நம்மிடம் இன்னும் வளரவில்லை. அது எனக்குப் பெரிய ஆற்றாமை.

வாரம் ஒருவர் என்ற முறையை நம் ஊருக்குத் திருப்பினால் வரிசையும் மாற வேண்டும். தகப்பன் வழியில் ஏறிக்கொண்டே போவதற்குப் பதில், முதல் சில வாரங்கள் உயிரோடு இருக்கும் ஆயாக்களிடம் உட்கார வேண்டும். நீ பிறந்த ஊர் எது, உனக்குப் பிரசவம் பார்த்தது யார், உன் தாய்மாமன் எந்த ஊரிலிருந்து சீர் கொண்டுவந்தார் என்று வாரத்துக்கு ஒரு கேள்வி போதும். ஒரே நாளில் எல்லாவற்றையும் கேட்டால் பெயர்கள் குழம்பும். ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு வந்தால், அடுத்த வாரம் ஆயாவே விட்டதைச் சேர்த்துச் சொல்வார்.

புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணத் திட்டத்தின் உதவியோடு, தமிழகக் குடும்பங்களிடம் இருந்த ஊர்ப் பஞ்சாயத்து ஆவணங்களைத் தேடிப் படியெடுத்திருக்கிறது. மொய் நோட்டுக்கும் அப்படி ஒரு முயற்சி வேண்டும். பரணைச் சுத்தம் செய்யும்போது பழைய நோட்டைப் பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டுவிடுகிறார்கள். கொடுத்த மொய் திரும்பி வந்துவிட்டால் நோட்டின் வேலை முடிந்தது என்ற எண்ணம். போடுவதற்கு முன் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படமெடுத்து, யார் எந்த முறை என்று பக்கத்தில் எழுதத் தெரிந்தவர் ஒருவர் இன்னும் வீட்டில் இருக்கும்போதே எழுதி வாங்கிக்கொள்ளலாம்.