கிருமி ஒன்றோ, இரண்டோ?

பினாங்குத் துறைமுகத்து அங்காடிகளில் இறாலுக்கு என்றும் குறைவில்லை. கடல் இறாலோடு குளத்தில் வளர்த்த இறாலும் இந்நாளில் அங்கு வந்து சேர்கின்றது. இறால் தமிழர்க்குப் புதிதன்று; நெய்தற் பாடல்களில் ‘இறவு’ என்றும் ‘இறா’ என்றும் வழங்கிய சொல்லே அஃது. இறாலுக்குப் பழந்தமிழிற் பெயருண்டு. அதன் நோய்க்குத்தான் இன்றைய தமிழில் தெளிந்த பெயரில்லை. இக்குறை சொல்லளவில் நிற்பதன்று, பொருளையும் கெடுப்பது.

வளர்ப்பு இறால் மடிந்தால், ‘கிருமி தாக்கியது’ என்று தமிழில் எழுதிவிடுகின்றனர். எக்கிருமி? வைரசா, பாக்டீரியாவா? இரண்டிற்கும் இவ்வொரு சொல்லே. வடமொழியில் புழுவைக் குறித்த சொல் அது. கிருமிகண்ட சோழன் கதை அறிந்தவர்க்கு இது புதுமையன்று. புழுவைக் குறித்த சொல்லை நுண்ணுயிர்க்கு ஆக்கியது குற்றமன்று. வேறுபட்ட இரண்டை ஒன்றாக்கியதே குற்றம்.

பாக்டீரியா ஓருயிரணு உடையது. தானே உண்டு தானே பெருகும். வைரசோ பிறிதோர் உயிரணுவுட் புகுந்தாலன்றிப் பெருகாது. ஆன்டிபயாட்டிக் மருந்து முன்னதைக் கொல்லும். பின்னதை ஒன்றும் செய்யாது. சளிக்காய்ச்சலுக்கு அம்மருந்தைக் கேட்டு வாங்கும் மயக்கமும், வைரசு கண்ட குளத்தில் அம்மருந்தைக் கொட்டும் மயக்கமும் ஒரே வேரில் முளைத்தவை.

குளத்தில் இம்மயக்கம் எளிதில் நிகழ்வதற்குக் காரணம் உண்டு. வெண்புள்ளி நோய் வைரசு 1990-களின் தொடக்கத்தில் கிழக்காசியாவில் தோன்றி, 1994-இல் இந்தியக் கரையையும், அவ்வாண்டுகளிலேயே மலேசியாவையும் அடைந்தது. அது புகுந்த குளம் மூன்று முதல் பத்து நாள்களுக்குள் அழியக்கூடும். இறாலுக்கு நம்மைப்போல் நோயை நினைவிற் கொண்டு காக்கும் எதிர்ப்பொருள் இல்லை. வைரசு அதன் காவலணுக்களைச் சிதைத்தபின், குளத்து நீரில் இயல்பாகவே வாழும் விப்ரியோ என்னும் பாக்டீரியா உட்புகுந்து பெருகும். வாந்திபேதியை உண்டாக்குவதும் அவ்வினத்தைச் சேர்ந்ததே. முதலிற் கதவை உடைத்தவன் ஒருவன். பின்னே நுழைந்து வாரியவன் மற்றொருவன். பின்னே வந்தவனை மட்டும் பிடித்து வழக்கை முடித்தால் வீடு காக்கப்படுமா?

‘வெண்புள்ளி நோய்’ என்ற பெயரும் ஐயத்திற்கு இடமானதே. மலேசியப் புலி இறாலில் பாக்டீரியாவால் வரும் வெண்புள்ளியும் உண்டென்று 2000-ஆம் ஆண்டில் ஆய்வாளர் வெளியிட்டனர். அப்புள்ளி உடைய இறாலில் வைரசு இல்லை. அது சுறுசுறுப்பாகவே இருந்தது. புறத்தோற்றம் ஒன்று, நோய் வேறு. இதற்கு மறுதலையான சான்றும் உளது. 2009-இல் சீனத்திலும், 2011-இல் மலேசியாவிலும் இளம் இறால்கள் திரளாக மடிந்தன. காரணம் நெடுநாள் விளங்கவில்லை. நச்சுப்பொருளை உண்டாக்கும் ஒருவகை விப்ரியோவே காரணம் என்பது 2013-இல் அமெரிக்காவின் அரிசோனாப் பல்கலைக்கழகத்தார் ஆய்வால் தெளிவாயிற்று. ஆங்கு வைரசு வழிகாட்ட வேண்டியிருக்கவில்லை.

மருந்தை வகையின்றி இட்டால் வரும் கேடு சிறிதன்று. குளத்துப் பாக்டீரியா அதற்குப் பழகி வலுப்பெறும். மருந்தின் எச்சம் உண்பவர் கலத்திற்கும் வரும். தீபகற்ப மலேசிய இறாலில் தடைசெய்யப்பட்ட மருந்துகளின் எச்சம் கண்டு, 2016-இல் அமெரிக்க அரசு அதனைத் தன் துறைமுகங்களில் தடுத்து நிறுத்த ஆணையிட்டது.

இனி, கலைச்சொல்லாக்கியோர் தந்தவற்றையும் எடைபோடல் வேண்டும். பாக்டீரியாவை ‘நுண்மி’ என்றும் வைரசைத் ‘தீநுண்மி’ என்றும் வழங்குவர். ஓசை இனிது, பொருளோ பிழை. நல்லபாம்பு பாம்பில் ஒருவகை ஆவதுபோல, தீநுண்மி நுண்மியில் ஒருவகை என்றே மாணவன் கொள்வான். நுண்மியில் தீயது இல்லை என்றும் கொள்வான். ‘நச்சுயிரி’ என்பது வைரசு என்ற இலத்தீன் சொல்லின் நச்சுப்பொருளைத் தழுவியது. பாக்டீரியாவோடு மயங்காமையின் மேம்பட்டது. ஆயினும் வைரசை உயிரென்னலாமா என்ற வழக்கு அறிவியலில் இன்னும் தீரவில்லை. ஆன்டிபயாட்டிக்கை ‘நுண்ணுயிர்க்கொல்லி’ என்பதோ எல்லாவற்றிலும் தீது; கொல்லாததையும் கொல்லும் என்று அப்பெயரே பொய் கூறுகின்றது.

அயற்சொல் தமிழைக் கெடுக்கும் என்று அஞ்சுவோர் திசைச்சொல்லையும் வடசொல்லையும் சொல்வகையுள் அடக்கிய தொல்காப்பியரை நினைதல் நன்று. தகுந்த தமிழ்ச்சொல் அமையுமளவும் வைரசு, பாக்டீரியா என்பவற்றைத் தமிழெழுத்தால் எழுதுவதே நேர்மை. கிருமி என்பது இரண்டிற்கும் பொதுப்பெயராக நிற்கட்டும். முதலில் வந்ததை ‘முதல்நோய்’ என்றும், அதன்வழி நுழைந்ததைப் ‘பின்தொற்று’ என்றும் பிரித்தெழுதினால் போதும். குளத்தில் நிகழ்வது வகுப்பிலும் விளங்கும்.

சொல்லைப் பிரித்தறியக் கற்ற பிள்ளை நோயைப் பிரித்தறிவான். நோயைப் பிரித்தறிந்தவன் மருந்தை வீணில் கொட்டான்.