தூங்கப் போகும் விமானி

ஃப்ளைட் சிமுலேட்டரை 'கேம்' என்று சொன்னால் அதில் பறப்பவர்களுக்குக் கோபம் வரும். அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கு. சென்னையிலிருந்து லண்டன் 8,000 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. நிஜ விமானத்துக்குப் பத்து, பதினோரு மணிநேரம் ஆகுமென்றால் வீட்டுக் கணினியிலும் அதே நேரம்தான். வில்லன் கிடையாது. பாயிண்ட் கிடையாது. பாதி வழி ஜன்னலுக்கு வெளியே வெறும் இருட்டு. "இதுல அப்படி என்னதாண்டா இருக்கு?" என்று நண்பர்கள் கேட்பார்கள். இந்த சிமுலேட்டரை விமர்சிக்க வேண்டுமென்றால் அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்கணும்.

இருப்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். லண்டன் வரைக்குமான எரிபொருளைச் சுமந்த விமானத்தால் கிளம்பியதும் தனக்கு உகந்த உயரத்துக்கு ஏற முடியாது. 31,000 அடியில் சில மணிநேரம் பறந்து, எரிபொருள் எரிந்து எடை குறைந்த பிறகுதான் அடுத்த படி. அப்புறம் இன்னொன்று. எங்கே ஏறுவது, எதிர்க்காற்று எவ்வளவு, லண்டனில் மூடுபனி என்றால் வேறு விமான நிலையத்துக்குப் போக டாங்கில் மிச்சம் இருக்குமா? நெடுந்தூரப் பறத்தலின் ருசி இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. 2024இல் பி.எம்.டி.ஜி. நிறுவனம் வெளியிட்ட போயிங் 777 இதை அசாத்திய நுணுக்கத்தோடு செய்கிறது. மாசக் கடைசியில் அக்கவுண்டில் இருப்பதை எண்ணிப் பழகியவர்களுக்கு இது ஒன்றும் அந்நியமான கலை கிடையாது.

இந்த நுணுக்கத்துக்குப் பின்னால் நாற்பதாண்டுக்கும் மேலான உழைப்பு இருக்கிறது. 1979இல் புரூஸ் ஆர்ட்விக் ஆப்பிள் 2 கணினிக்கு எழுதிய சிமுலேட்டரில் உலகம் என்பது சில கோடுகள். 1982இல் அது மைக்ரோசாஃப்ட் பெயரில் வந்தது. 2020இல் பிரான்ஸின் அசோபோ ஸ்டுடியோ உருவாக்கிய பதிப்பு, பிங் வரைபடத்தின் படங்களைக்கொண்டு மொத்த பூமியையும் விரித்தது. தாழப் பறந்தால் ஜி.எஸ்.டி. சாலையைப் பிடித்துக்கொண்டே வந்து கூடுவாஞ்சேரியில் நந்திவரம் ஏரியைக் கண்டுபிடிக்கலாம். அந்த நிமிடத்தின் நிஜ மேகம் திரையிலும் மிதக்கும். ஆக, பார்வைக்கும் இயந்திரத்துக்கும் ஒரு குறையும் இல்லை.

குறை நடு ராத்திரியில் தெரிகிறது.

எங்கள் பக்கத்து ஐ.டி. ஊழியர் ஒருவரின் நெடுந்தூரப் பயணம் பெரும்பாலும் இப்படித்தான்: குழந்தை தூங்கியதும் ஒன்பதரைக்கு மீனம்பாக்கத்தில் டேக்-ஆஃப். பத்து மணிக்கு ஆட்டோபைலட். பத்தேகாலுக்குப் படுக்கை. காலையில் அலாரம் வைத்து எழுந்து, ஹீத்ரோவில் இறக்கிவிட்டு, ஒன்பது மணிக்கு ஸ்டாண்ட்-அப் மீட்டிங். அசந்து தூங்கிவிட்டால்? அதற்கும் ஒரு வசதி உண்டு. கீழே இறங்கத் தொடங்க வேண்டிய புள்ளி வந்ததும் சிமுலேட்டர் தானாக நின்றுவிடும். விமானி பல் தேய்த்து, காபி குடித்துவிட்டு வரும்வரை இருநூறு டன் விமானம் அந்தரத்தில் அசையாமல் காத்திருக்கும்.

இதற்கு நேரெதிரான ஒரு விளையாட்டு உண்டு. பென், டெல்லர் என்ற மேஜிக் இரட்டையருக்காக 1995இல் உருவாகி, வெளியாகாமலே போன ஒரு தொகுப்பில் இருந்த 'டெசர்ட் பஸ்'. டூசானிலிருந்து லாஸ் வேகாஸுக்கு எட்டு மணிநேரம் பஸ் ஓட்டணும். நிறுத்தி வைக்க முடியாது. பஸ் வலப்பக்கமாகவே இழுத்துக்கொண்டிருக்கும், அதனால் கையை எடுக்கவும் முடியாது. ஊர் போய்ச் சேர்ந்தால் ஒரே ஒரு பாயிண்ட். அது கேலிக்காகச் செய்தது. ஆனால் ஓட்டுநரின் வேலை எது என்பது அந்தக் கேலிக்குத் தெரிந்திருக்கிறது: ஒன்றும் நடக்காத நேரத்திலும் விழித்திருப்பது. சிமுலேட்டர் இயந்திரத்தை முழுசாக நகலெடுத்துவிட்டு, வேலையை விட்டுவிட்டது.

நிஜத்தில் நெடுந்தூர விமானத்தில் மூன்று, நான்கு விமானிகள் முறைவைத்துத் தூங்குகிறார்கள். அந்தத் தூக்கத்துக்கும் சட்டம் உண்டு. இந்தியாவில் 2025இல் இரண்டு கட்டமாக அமலான விதிகள், விமானிகளின் வார ஓய்வை 36 மணிநேரத்திலிருந்து 48 ஆக்கின. இரவில் தரையிறங்கும் எண்ணிக்கைக்கும் கட்டுப்பாடு வந்தது. அதற்கேற்பப் பணிப்பட்டியலைத் திட்டமிடாத இண்டிகோ, அந்த டிசம்பரின் தொடக்கத்தில் ஆயிரக்கணக்கான விமானங்களை ரத்து செய்தது. நாடு முழுக்க விமான நிலையங்களில் பெட்டிகள் மலையாகக் குவிந்தன. கடைசியில் அரசு தளர்த்தியதும் இரவுப் பணி விதிகளைத்தான். ஒரு நாட்டின் விமானப் போக்குவரத்தே விமானியின் தூக்கத்தில் போய் இடித்து நின்றது. 2024இல் வந்த புதிய மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டரில் 'கேரியர்' பகுதி இருக்கிறது. உரிமம் வாங்கலாம், காசு சேர்க்கலாம், கம்பெனி நடத்தலாம். களைப்புக்கு மட்டும் அதில் இடமில்லை.

"ஆபீஸ் முடிஞ்சு வந்து களைப்பையும் விளையாடணுமா?" என்பது நல்ல கேள்வி. தானாக விரும்பி அதைச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். 2001இல் தொடங்கிய வாட்சிம் என்ற இணைய வலையமைப்பில் தன்னார்வலர்கள் நிஜக் குரலில் கட்டுப்பாட்டு அறையை நடத்துகிறார்கள். அங்கே அரைமணிக்கு மேல் இருக்கையை விட்டுப் போகக்கூடாது என்பது விதி. அதே விமானம், அதே இருட்டு. ரேடியோவின் மறுமுனையில் ஓர் ஆள் கூப்பிடக்கூடும் என்பதால் கண்ணை மூட முடிவதில்லை. அந்த ஓர் ஆள் சேர்க்கும் நிஜத்தை எத்தனை பெட்டாபைட் படங்களாலும் சேர்க்க முடியவில்லை.

ஆனாலும் பெரும்பாலோர் தனியாகத்தான் பறக்கிறார்கள், பாதியில் எழுந்து தூங்கத்தான் போகிறார்கள். அவர்களில் பலர் அமெரிக்க நேரத்துக்கு வேலை பார்ப்பவர்கள். ராத்திரி மூன்று மணிக்கு சர்வர் விழுந்தால் போன் அடிக்கும் வாழ்க்கை. பறக்கும் ஆசை சின்ன வயசிலிருந்தே இருந்திருக்கலாம். ஆனால் அவர்களைத் திரும்பத் திரும்ப இந்தப் பத்துமணிநேரப் பயணத்துக்கு இழுப்பது வேறொன்று என்று எனக்குத் தோன்றுகிறது: நாம் தூங்கினால் தானும் நின்று காத்திருக்கும் ஒரு வேலை. அப்படியொரு வேலை பூமியில் எங்கேயும் கிடையாது. சிமுலேட்டர் சொல்லும் ஒரே பொய் அதுதான். மற்ற அத்தனை நுணுக்கமும் அந்தப் பொய்யை நம்பவைப்பதற்குத்தான்.